மஞ்சள் மாறாத தாள்

ஆலகாலத்தைக் கண்டத்தில் நிறுத்தி, உள்ளே இறங்காமலும் உலகின்மேல் சிந்தாமலும் காத்து, நிறம் மாறிய தன் கழுத்தையே அணியாகக் கொண்ட பெருமானே! முதலை உண்ட பிள்ளையை அந்த மடுவிலிருந்தே மீட்டுப் பெற்றவள் கையில் சேர்த்த அவிநாசியில் உறைபவனே! நின் திருவடி என் சொல்லுக்கு முன்னே நிற்க.

இன்று திங்கட்கிழமை, வளர்பிறைத் திரயோதசி, சோமவாரப் பிரதோஷம். தேவரெல்லாம் அஞ்சி ஓடிய நஞ்சை அவன் ஏந்திக்கொண்ட அந்திப்பொழுதை நினைக்கும் நன்னாள். இன்று காலை அவிநாசித் திருக்கோயிலில் என் பேத்திக்கு முதற்சோறு ஊட்டித் திரும்பினோம். அவள் துப்பிய பருக்கை என் சேலைத் தலைப்பில் இன்னும் ஒட்டியிருக்கிறது. அதைத் தட்டிவிட மனமின்றி இதை எழுத அமர்கிறேன்.

நஞ்சு என்னும் சொல்லை வாயால் சொல்லாத நாள் என் வாழ்வில் அரிது. விடியலில் பதிகம் ஓதும்போது, நஞ்சுண்டவன், கறைக்கண்டன், நீலமணி மிடற்றான் என்று அடைமொழி மேல் அடைமொழியாக அடுக்கி அவனை அழைப்பவள் நான். அந்தச் சொல் ஒருநாள் என் அடுக்களைக்குள் வந்து அமரும் என்று மட்டும் எண்ணியதில்லை.

என் மருமகள் பனியன் நிறுவனம் ஒன்றில் துணிகளுக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் பணி செய்கிறாள். முதலில் உண்டான கரு தங்கவில்லை. பின்னர் நெடுநாள் காத்திருந்து மீண்டும் கருவுற்றாள். வயிறு தெரியத் தொடங்கிய காலத்தில் அவள் முகம் வெளுத்தது, அடிவயிறு முறுக்கியது, இரும்புச்சத்து மாத்திரை எத்தனை விழுங்கியும் இரத்தம் ஊறவில்லை. மருத்துவ அம்மையார் ஐயுற்று, வழக்கமாகச் செய்யாத ஒரு பரிசோதனைக்கும் இரத்தம் எடுத்தனுப்பினார். முடிவு வந்ததும் எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"ரத்தத்துல ஈயம் கலந்திருக்குதுங்கம்மா. தாய்க்கு ஏறுனது வயித்துப் பிள்ளைக்கும் போகும். எங்கிருந்து வருதுன்னு கண்டுபுடிச்சு நிறுத்தோணும். நான் கொடுக்கற மாத்திரையவிட அதுதான் முக்கியமுங்க."

ஈயம்! எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குப் பொருள் ஒன்றே ஒன்று. தைப்பொங்கலுக்கு முன் கோட்டைமேட்டிலிருந்து ஒரு பாய் வருவார். பித்தளைப் பாத்திரங்களைத் தணலில் சூடேற்றி, நவச்சாரம் தூவி, ஈயத்தைத் தேய்த்துப் பஞ்சால் வழித்துவிடுவார். புளிக்குழம்பு வைத்தாலும் களிம்பு ஏறாதபடி உட்புறம் வெள்ளிபோல் மின்னும். அவ்வாண்டும் அவர் வந்து பூசிப் போயிருந்தார். அதற்குப் பிறகுதான் மருமகளின் வயிறு முறுக்கத் தொடங்கியது. வேறு என்ன வேண்டும்? வழியிலேயே காரை ஓரங்கட்டிய என் மகன், கைப்பேசியை எடுத்து அவரை அழைத்துவிட்டான்.

"பாய், என்ற சம்சாரத்து ரத்தத்துல நீங்க பூசுன ஈயம் ஏறிப்போச்சுங்க. இனி எங்க வாசப்பக்கம் வந்துபோடாதீங்க."

எதிர்முனையில் அவர் என்ன சொன்னார் என்று அவன் கேட்கவில்லை. வீடு சேர்ந்ததும் பித்தளைப் பாத்திரங்களையெல்லாம் சாக்கில் கட்டிக் கார்க் கொட்டகைக்குள் தள்ளினான். அந்த ஓசை கேட்டு மாடியில் குடியிருக்கும் பெண் இறங்கி வந்தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய பெற்றோர் அன்னூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். தந்தை இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறார். அவள் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆய்வு செய்கிறாள். ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போவாள். நான் கீழே பதிகம் ஓதும் வேளையில் அவள் மேலே தன் கீர்த்தனையைத் தாழ்ந்த குரலில் பாடுவாள். கூரையின் வழியே ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கும். ஒருவரும் குரலைத் தணித்ததில்லை; ஒருவரும் குறை சொன்னதுமில்லை.

செய்தியைச் சொன்னேன். அவள் கேட்ட முதற்கேள்வி இது:

"எந்த ஈயம்ங்கம்மா? டின்னுங்களா, லெட்டுங்களா?"

"டாக்டரம்மா தமிழ்லதான் சொன்னாங்க, கண்ணு."

"அதாங்கம்மா சிக்கல்."

மகன் கொண்டுவந்த அறிக்கையில் லெட் என்றே இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. டின் என்னும் வெள்ளீயம் வேறு, லெட் என்னும் காரீயம் வேறு. பாத்திரத்துக்குப் பூசுவது முன்னது. பேட்டரிக்குள் கிடப்பது பின்னது. பேச்சு வழக்கில் அடைமொழி உதிர்ந்துபோய் இரண்டும் ஒரே ஈயமாகிவிட்டன. மருத்துவர் ஒன்றைச் சொல்ல, நாங்கள் மற்றொன்றைக் கேட்டிருக்கிறோம். அடைமொழிகளாலேயே இறைவனைத் தேடுகிற வீட்டில், உதிர்ந்துபோன ஓர் அடைமொழியை யாரும் தேடவில்லை.

என் மகன் எளிதில் விடுபவன் அல்லன். "பேரு வேறங்கறதுக்காகப் பாய் தப்பிச்சுக்க முடியுமாம்மா? வெலை கம்மின்னு காரீயத்தக் கலந்து பூசறவங்க இல்லையா?" என்றான். அதிலும் நியாயம் இருந்தது. அந்தப் பெண் மாடிக்குப் போய் ஒரு சிறு உறையோடு திரும்பினாள். உள்ளே விரலகலத் தாள் துண்டுகள். அரைத்த மஞ்சளை நீரில் கரைத்துத் தோய்த்தாற்போன்ற நிறம்.

"பேட்டரி உருக்கற எடத்துல கெணத்துத் தண்ணியப் பாக்கறதுக்காக நாங்க செஞ்சதுங்கம்மா. ஒரு தாளு ஒரு டீ வெலைகூட ஆகாது. வினிகர்ல நனைச்ச பஞ்சால பாத்திரத்தத் தேச்சு, இது மேல வெச்சா, காரீயம் இருந்தாச் செம்பருத்திப் பூ மாதிரி செவக்கும். இல்லைன்னா மஞ்சளாவே இருக்கும். ஆனா ஊட்டுக்குள்ள இதுவரைக்கும் யாரும் வெச்சுப் பாத்ததில்லீங்க."

"அப்ப எங்க ஊடுதான் மொதோ ஊடு," என்றேன்.

மறுநாள் காலை, வர வேண்டாம் என்று சொல்லப்பட்டவரே முதலில் வந்து நின்றார். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, பையோடு கேட்டுக்கு அப்பால் நின்று குரல் கொடுத்தார்.

"ஏனுங்கம்மா, உள்ள வரலாமுங்களா? இல்ல, ரோட்டுலயே நின்னு பேசோணுமுங்களா?"

"உள்ள வாங்க, பாய். உங்களுக்காகத்தான் தாளை எடுத்து வெச்சிருக்கறோம்."

விவரத்தைக் கேட்டதும் அவர் பையிலிருந்து ஈயக்கட்டியை எடுத்து முற்றத்தில் டொக்கென்று வைத்தார். "பாத்திரத்த அப்புறம் பாக்கலாமுங்க. மொதல்ல இதைத் தேயுங்க அம்மணி. தாளு செவந்தா என்ற மூஞ்சி செவந்துபோகும், இப்படியே வண்டியேறிப் போயிர்றேன். செவக்கலைன்னா தம்பி மூஞ்சி செவக்கோணும்."

அந்தப் பெண் கட்டியைத் தேய்த்தாள். பஞ்சைத் தாளில் வைத்தாள். எல்லோரும் குனிந்தோம். தாள் நனைந்தது, நிறம் மாறவில்லை. சாக்கைப் பிரித்து ஒவ்வொரு பாத்திரமாகத் தேய்த்தாள். அண்டா, உருளி, குண்டா, டம்ளர், எல்லாவற்றுக்கும் தாள் மஞ்சளாகவே இருந்தது.

மகன் முகம் சிவந்ததோ இல்லையோ, வாய் மட்டும் ஓயவில்லை. "ஈயம் இல்லைன்னா மஞ்சளா இருக்குமாமா! வெறுந்தாளும்தான் மஞ்சளா இருக்குது. இது வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்?"

"சரியான கேள்விங்கண்ணா," என்றாள் அவள், சிறிதும் முகம் வாடாமல். "உங்க டூல்ஸ் பெட்டியில சால்டர் கம்பி இருக்குதுங்களா?"

மகன் மோட்டார் பம்பு பழுதுபார்க்கும் தொழில் செய்பவன். கொட்டகையில் இருந்த பெட்டியிலிருந்து பற்றவைக்கும் கம்பியைக் கொண்டுவந்தான். அதைத் தேய்த்த பஞ்சு தாளில் பட்டது. ஓரத்தில் ஒரு ரோஜா நிறம் கசிந்தது. நாங்கள் மூச்சு விடுவதற்குள் நடுப்பகுதிவரை செம்பருத்தியாகப் பூத்துவிட்டது.

பாய் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "தம்பி! என்ற பைல இல்லாத காரீயம் உங்க பெட்டியிலயே இருக்குதுங்களே! இனி உங்க வாசப்பக்கம் நீங்களே வரக்கூடாதுங்க!"

மகனும் சிரித்துவிட்டான். "தப்புத்தானுங்க பாய், மன்னிச்சுப்போடுங்க," என்று கைகூப்பினான். "மன்னிப்பெல்லாம் அப்புறமுங்க. காப்பியக் கொடுங்க; நான் பூசுன டம்ளர்லயே கொடுங்க," என்றார் அவர்.

அந்தப் பெட்டிதான் காரணம், வழக்கு முடிந்தது என்றே அன்று எல்லோரும் நம்பினோம். மகன் பெட்டியை அன்றே தன் கடைக்கு அனுப்பினான், கொட்டகையைக் கழுவிவிட்டான், கடையிலேயே குளித்து உடைமாற்றி வரத் தொடங்கினான். நான் அவிநாசிக்குப் போய் விளக்கேற்றி வந்தேன். ஆனால் அடுத்த பரிசோதனையில் மருமகள் இரத்தத்தில் காரீயம் குறையவில்லை. கூடியிருந்தது.

மருத்துவ அம்மையாரின் குரலில் இம்முறை கனிவுக்குப் பதில் கவலை தெரிந்தது. வீடு திரும்பியபின் மருமகள் என் அருகில் வந்து அமர்ந்தாள்.

"அத்தை, போன தடவை மாதிரி இதும் போயிருமுங்களா?"

நான் அவள் தலையைத் தடவினேன். வாயில் வந்தது ஆறுதல் மொழி அன்று. முதலை வாயிலிருந்து மீண்ட பிள்ளையின் கதைதான் வந்தது. அறிந்த கதையைப் புதிதாய்க் கேட்பவளைப்போல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பின்னர் வீட்டையே சல்லடை போட்டோம். மாடிப்பெண் கல்லூரியிலிருந்து வந்ததும் பையை வைத்துவிட்டு நேரே எங்கள் அடுக்களைக்குள் நுழைவாள். குடிநீர்க் குழாய், தண்ணீர்த் தொட்டி, சுவர்ச் சாயம், அலமாரி வண்ணம், குங்குமச் சிமிழ், விபூதி, என் பூசைத் தட்டு, மருமகளின் வளையல், எதையும் விடவில்லை. சாமி படத்துச் சட்டத்தைத் தேய்க்கும் முன் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தேய் கண்ணு, அவனுக்கு நஞ்சு பழக்கந்தான்," என்றேன். எல்லாம் மஞ்சள். தாள் மஞ்சளாக நின்றால் மங்கலம் என்று மகிழ வேண்டியவர்கள், அதைக் கண்டு கலங்கத் தொடங்கினோம்.

ஒருமுறை மட்டும் தாள் சிவந்தது. மருமகள் விரும்பி உண்ட எலுமிச்சை ஊறுகாயின் சாற்றில் நனைந்தபோது பளீரென்று சிவக்க, மகன் "அகப்பட்டுப்போச்சு!" என்று கத்தினான். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணா, மொளகாப்பொடிக்கும் தாளு செவக்குமுங்க. இதுல மொளகா எது, காரீயம் எதுன்னு எனக்கே தெரியாது." ஊறுகாயும் நான் வீட்டில் போட்டது, எலுமிச்சை, உப்பு, நான் வறுத்துப் பொடித்த மிளகாய், செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், இவற்றைத் தவிர வேறில்லை. ஆகவே அதைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கினோம். மருமகள் மற்றெல்லா உணவையும் சந்தேகித்து, என் கை பட்டது என்ற நம்பிக்கையில் அந்த ஊறுகாயையும் தயிர்ச்சோற்றையுமே நாள்தோறும் உண்டாள்.

ஊறுகாய் ஜாடி காலியாயிற்று. புதிதாகப் போடுவதற்காக அதைக் கழுவ எடுத்தேன். கருவுற்ற புதிதில் மருமகள் ஒரு கண்காட்சியில் ஆசையாய்த் தேர்ந்தெடுத்த ஜாடி அது; வெளியே நீலப்பூ, உள்ளே கிச்சிலிப்பழத்தின் ஆரஞ்சு நிறம். நிறங்களோடு வாழ்பவளின் கண்ணுக்குப் பிடித்தது வேறெப்படி இருக்கும்? முற்றத்துக் குழாயடியில், நல்ல வெயிலில் அதைக் கவிழ்த்துத் தேய்த்துவிட்டு உள்ளே பார்த்தவள் அப்படியே நின்றேன்.

ஜாடியின் கழுத்துப் பகுதி புதிதாய் வாங்கிய நாளின் மினுமினுப்போடு இருந்தது. அதற்குக் கீழே, ஊறுகாய்ச் சாறு தேங்கி நின்ற மட்டம்வரை, பளபளப்பு போய்ச் சுண்ணாம்பு பூத்தாற்போல் மங்கியிருந்தது. இடையில் ஒரு கோடு, நூல் பிடித்து இழுத்தாற்போல். விரலால் தடவினேன்; மேலே வழுக்கியது, கீழே சொரசொரத்தது. புளிப்பு அந்தப் பூச்சைத் தின்றிருக்கிறது. தின்றது எங்கே போயிற்று?

கழுத்தில் நஞ்சை நிறுத்தியவனை நாள்தோறும் பாடுபவள் நான். இந்த ஜாடி தன் நஞ்சைக் கழுத்தில் நிறுத்தவில்லை, இறக்கிவிட்டது.

"அம்மணி! கொஞ்சம் இறங்கி வா!" என்று நான் போட்ட கூச்சலில் மாடியிலிருந்து அவள் செருப்பும் போடாமல் ஓடி வந்தாள். பார்த்தாள், விரலால் அந்தக் கோட்டைத் தடவினாள். பின் தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஊறுகாய வெச்சுப் பாத்தமே தவிர, ஜாடியத் தேய்க்கணும்னு எனக்குத் தோணவே இல்லீங்களேம்மா!"

"யாருக்குத்தான் தோணுச்சு? ஈயம்னு பேரு இருந்த எடத்தையெல்லாம் தேடிப்போட்டோம். இதுக்குப் பேரு பீங்கான்," என்றேன்.

மிளகாயும் எண்ணெயும் ஒரு துளியும் இல்லாதபடி ஜாடியைத் திரும்பத் திரும்பக் கழுவினோம். தெளிந்த வினிகரை ஊற்றி மூடி, பூசை மாடத்துக்கு எதிரே வைத்தோம். அன்றும் பிரதோஷம். நான் கோயிலுக்குப் போகவில்லை. ஜாடியின் முன்னே அமர்ந்து ஓதினேன். அந்தி விளக்கேற்றும் நேரத்தில் மகன் வந்துசேர, மருமகள் தாளைத் தானே பிடித்துக்கொள்வதாகச் சொன்னாள். அந்தப் பெண் ஜாடியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வைத்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு சொட்டின் விளிம்பில் ஒரு வளையம். வெட்கப்பட்ட கன்னம்போல் ஓர் இளஞ்சிவப்பு. அது உள்நோக்கி நகர்ந்து, அடர்ந்து, சால்டர் கம்பிக்குப் பூத்ததைவிடவும் ஆழமாய்ச் செம்பருத்தியாய் விரிந்தது. இம்முறை மிளகாய் இல்லை. ஐயமும் இல்லை.

"அகப்பட்டுப்போச்சுங்க அத்தை!" என்று மருமகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மகன் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவளுக்கு ஒருபுறம் அழுகை, ஒருபுறம் சிரிப்பு. நஞ்சைக் கண்டு ஒரு வீடே கொண்டாடியதை அன்றுதான் பார்த்தேன். ஒளிந்திருந்தவரைதான் அதற்கு வலிமை. நிறம் காட்டிக் கொடுத்த நொடியிலேயே அது தோற்றுவிட்டது.

தாள் சொன்னதோடு அவள் நிற்கவில்லை. ஜாடியைக் கல்லூரிக்கு எடுத்துச்சென்று பெரிய கருவியிலும் அளந்து, உட்பூச்சில் காரீயம் இருப்பதை உறுதிசெய்துகொண்டு வந்தாள். மருத்துவ அம்மையார் சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் கூட்டிக் கொடுத்தார். அடுத்த பரிசோதனையில் காரீயம் இறங்கியது. அதற்கடுத்ததில் இன்னும் இறங்கியது. மருமகளின் முகத்தில் இரத்தம் ஊறியது. உரிய காலத்தில் பெண்மகவு பிறந்தது. அதன் முதல் அழுகையைக் கேட்ட மருத்துவ அம்மையார், "இந்தக் குரலுக்கு ஒரு கொறையும் வராதுங்கம்மா," என்றார். கேட்கும் திறனும் எடையும் வளர்ச்சியும் முறையாகச் சோதிக்கப்பட்டு, எல்லாம் நலம் என்றாயிற்று.

எங்கள் பதிகக் குழுவின் பெண்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த வழிபாட்டு நாளன்று ஓதி முடித்ததும், ஒவ்வொருவரும் முந்தானைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்தார்கள்: ஜாடி, செந்தூர டப்பா, பேரனின் வண்ண பொம்மை, சென்னிமலை முருகனைத் தரிசித்துத் திரும்பும்போது கடைத்தெருவில் வாங்கிய சாயக் கிலுகிலுப்பை. மாடிப்பெண் தாள்களோடு நடுவில் அமர்ந்தாள். பெரும்பாலானவை மஞ்சள், சில சிவந்தன. சிவந்தவற்றைப் பறிகொடுத்தவர்கள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்கள். அவளுடைய பேராசிரியர் இதைக் கேள்விப்பட்டு நேரில் வந்து பார்த்தார். கிணற்றுக்கென்று பிறந்த தாள் அடுக்களைக்கும் உரியதாயிற்று. உறை அச்சிடும்போது அவள் என்னிடம் கேட்டாள்.

"ஈயம் கண்டறியும் தாள்னு போடட்டுங்களாம்மா?"

"காரீயம்னு போடு, கண்ணு. அந்த ரெண்டெழுத்த விட்டதுக்குத்தான் பாயி ரோட்டுல நின்னாரு."

இன்று அவ்வுறையின் முகப்பில் காரீயம் என்றே இருக்கிறது. அதன் கீழே, ஊறுகாயை அல்ல, கழுவிய ஜாடியைச் சோதியுங்கள் என்றும் ஒரு வரி இருக்கிறது. எங்கள் வீடு அச்சேறியது அவ்வளவே. எனக்கு அது போதும்.

இன்று காலை அவிநாசிக்குப் புறப்படும் நேரத்தில் பாய் வந்தார். இம்முறை கேட்டுக்கு வெளியே நிற்கவில்லை. கையில் ஒரு சிறு பித்தளைச் சங்கு. குழந்தைக்குப் பால் புகட்டுவதற்காக அவரே வாங்கி, உட்புறம் வெள்ளீயம் பூசி மெருகேற்றியது. மருமகள் ஆவலாய்க் கைநீட்ட, அவர் சங்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பொறுங்க அம்மணி. மாடிப் பாப்பாவத் தாளோட வரச்சொல்லுங்க. பாக்காம பிள்ளை வாயில வெக்கக் கூடாது. பூசுனது நானா இருந்தாலுஞ்சரி."

"உங்களத் தேய்க்க வேண்டாமுங்க பாய், நம்பறோம்," என்றான் மகன்.

"நம்பிக்கை உங்களுக்கு இருக்குதுங்க, தம்பி. தாளுக்கு இருக்குதான்னு கேக்கோணுமல்ல?"

அந்தப் பெண் இறங்கி வந்து பஞ்சால் தேய்த்துத் தாளில் வைத்தாள். குழந்தை உட்பட எல்லோரும் குனிந்து பார்த்தோம். தாள் நனைந்தது. மஞ்சளாகவே இருந்தது; தாலிக்கயிற்றின் மஞ்சள், வாசற்படியின் மஞ்சள், மங்கலத்தின் மஞ்சள். சங்கில் பாலை வார்த்தேன். என் பேத்தி சப்புக்கொட்டிக் குடித்தாள்.

இதைப் படிக்கும் நீங்கள் எவராயினும், எத்தெய்வத்தை எப்பெயரால் அழைப்பவராயினும், உங்கள் அடுக்களையில் நஞ்சு ஒளிய இடம் இல்லாதிருக்கட்டும். உங்கள் பிள்ளைகளின் இரத்தம் தூயதாய் ஓடட்டும். வீண்பழி சுமந்து வாசலில் நிற்பவரை உள்ளே அழைக்கும் மனம் உங்களுக்கு வாய்க்கட்டும். நீங்கள் நனைத்துப் பார்க்கும் தாள் என்றும் மஞ்சள் மாறாதிருக்க, கறைக்கண்டன் கழல் காக்க. வாழ்க நீவிர், வளத்தோடு.